பார்ட்டி வர்றாங்க, படத்தைக் கழற்றுங்க!

விற்கப்போகும் வீட்டைச் சிங்காரித்துக் காட்டும் பழக்கம் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. இதில் லாபம் யாருக்கு, சேதம் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. மந்தைவெளியில் லிஃப்ட் இல்லாத ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. இரண்டாவது மாடியில் மாமி காபி டம்ளரோடு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறார். அவருடைய பிளாஸ்டிக் நாற்காலி மொட்டைமாடிக்குப் போய்விட்டது. பத்தரைக்குப் பார்ட்டி வருகிறது. பன்னிரண்டுக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் பார்த்துவிட்டுப் போகவேண்டும். முன்கூட்டியே வந்துவிட்ட புரோக்கர் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, சுவரில் ஓரிடத்தில் நிற்கிறார்.

“மாமி, தப்பா எடுத்துக்காதீங்க. மாமா படத்த மட்டும் ரெண்டு மணி நேரம் உள்ள வச்சிடலாமா?”

“ஏன், அவர் என்ன பண்ணினார்?”

“ஒண்ணும் பண்ணல மாமி. மாலை போட்ட படத்தப் பாத்தா வர்றவங்க முகம் மாறிடுது. எப்போ தவறினாரு, இந்த வீட்லயா, என்ன நட்சத்திரம்னு கேள்வி அங்க போயிடும். அப்புறம் விலைப் பேச்சே வராது.”

டீப்பாயில் சாய்த்துவைத்த போனில், நியூஜெர்சியிலிருந்து மகன். “அம்மா, அந்த மாத்திரை டப்பாவையும் எடுத்துடு. வாக்கர் கேமரால தெரியறது பாரு.”

தெருவின் பெயரையும் கதவு எண்ணையும் மாற்றிக்கொண்டால், ராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து சாஸ்திரி நகர் வரை எந்த ஞாயிற்றுக்கிழமையும் இது நடக்கும். ஆடி, மார்கழி நீங்கலாக. அந்த மாதங்களில் பார்க்க வருகிறவர்களும் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள் என்பதால் புரோக்கர்களே நிதானமாகிவிடுகிறார்கள். ஆவணியும் தையும் பிறந்தால் மறுபடி பெயிண்ட் டப்பா திறக்கும்.

சியாட்டிலிலிருந்து சாந்தோம் வரை

விற்பனைக்கு முன் வீட்டை அலங்கரித்துக் காட்டுவது அமெரிக்காவில் ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்ற தனித் தொழில். சியாட்டில் பகுதியில் வீட்டுத் தரகராக இருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் 1972-ல் இதைத் தொடங்கிவைத்தார் என்பார்கள். நாடக அனுபவம் உள்ளவர் என்பதால் மேடையின் பெயரையே வைத்துவிட்டார். அங்கே சோபா, விளக்கு, ஓவியம், பூச்சாடி எல்லாம் வாடகைக்கு வந்து, வீடு விற்றதும் லாரியில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போகும். அலங்கரித்த வீட்டைத் தன் வீடாகக் கற்பனை செய்துகொள்வது வாங்குபவருக்கு எளிது என்று 81 சதவீத முகவர்கள் சொன்னதாக அந்நாட்டு ரியல்டர்களின் தேசியச் சங்கம் 2023-ல் தெரிவித்தது. விற்பனை நடந்தால் கமிஷன் வாங்குகிறவர்கள் அளித்த சாட்சியம் இது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

சென்னையில் இதற்கென்று தனியாக ஆள் வைப்பவர்கள் குறைவு. புரோக்கர், பெயிண்டர், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, கீழ்வீட்டு மாமா என நாலு பேருமாகச் சேர்ந்து செய்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீடானால் வாடகைக்கு நாற்காலி, மேசை தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. போட்டோவில் மட்டும் சோபாவை உட்கார்த்திவிடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. பத்துக்குப் பத்து அறையை அகலக் கோண லென்ஸில் எடுத்துக் கல்யாண மண்டபமாக்குவது அதற்கும் முந்தைய வித்தை. நேரில் வந்தவர் கட்டில் போட்டால் கதவு திறக்காது என்பதைக் கண்டுகொண்ட நிமிடத்தில், அந்த வீட்டைப் பற்றிச் சொல்லப்பட்ட மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்குள்ளாகின்றன.

எது உள்ளே போகும், எது வெளியே வரும்?

முதலில் போவது வாடை. மாதக்கணக்கில் பூட்டிய வீட்டின் அந்துருண்டை நெடி, பரணில் அடுக்கிய பழைய பத்திரிகைகளின் மக்கல் வாடை, குளியலறையில் உப்புத் தண்ணீர் படிந்த கறை. அடுத்தது வெளிச்சம். பக்கத்துக் கட்டடம் அஞ்சடி தள்ளி நிற்கும் தெருக்களில் நடு அறைக்கு மத்தியானமும் விளக்கு வேண்டும். கொசுவலையில் படிந்த தூசியைக் கழுவினாலே பாதி இருட்டு போய்விடும். செலவே இல்லாத இந்த வேலையை விட்டுவிட்டுத்தான் பலர் சுவருக்கு ஆரஞ்சு வண்ணம் அடிக்கிறார்கள்.

மொசைக் தரை விஷயத்தில் ரசனை மாறியிருக்கிறது. பத்து வருடம் முன்பு அதன்மேல் வழுவழு டைல்ஸ் ஒட்டினால்தான் வீடு போகும் என்றார்கள். இப்போது பாலிஷ் போட்ட மொசைக்கையும், சிவப்பு ஆக்ஸைடு தரையையும், பர்மா தேக்குக் கதவையும் தேடி வரும் இளம் தம்பதிகள் இருக்கிறார்கள். டைல்ஸ் ஒட்டியவர்கள் கையைப் பிசைகிறார்கள்.

அமெரிக்கப் பாடத்தின் முதல் விதி, விற்பவரின் மதம், குடும்பம், அடையாளம் எதுவும் தெரியக்கூடாது என்பது. மயிலாப்பூரில் அந்த விதி தலைகீழாகிறது. மாலை போட்ட படம் உள்ளே போகிறது. பூஜை அலமாரிக்கோ கூடுதல் விளக்கு, புதிதாகப் போட்ட இழைக்கோலம். இந்த வீட்டில் யார் இருந்தார்கள், இனி யார் வரவேண்டும் என்று அந்தக் கோலம் பேசாமலே சொல்லிவிடுகிறது. சில குடியிருப்புகளில் போனில் கேட்கப்படும் முதல் கேள்வி, “பார்ட்டி வெஜ்ஜா?” என்பது. வாடகைக்கு மட்டும் இருந்த இந்த வடிகட்டல் விற்பனைக்கும் வந்திருக்கிறது. வேறு உணவு, வேறு மதம் என்றால் “ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிட்டாங்க சார்” என்று பதில் வரும். அடுத்த வாரமும் அதே விளம்பரம் நிற்கும். இப்படிப் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, விலை கிடைக்கவில்லை என்று விற்பவர் அங்கலாய்ப்பதில் நியாயம் ஒன்றும் இல்லை.

தவறியவரின் நட்சத்திரத்தைக் கேட்பதும் வேடிக்கைக்காக அல்ல. தனிஷ்டா பஞ்சமி நட்சத்திரங்களில் மரணம் நேர்ந்தால் அந்த அறையை மாதக்கணக்கில் அடைத்துவைக்கும் வழக்கத்தை நம்புகிற குடும்பங்கள் இங்கே இன்னும் உண்டு. நம்பாதவர்கள்கூட அதைச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள் என்பது புரோக்கர்களின் அனுபவம்.

■ பெட்டிச் செய்தி: செலவுக் கணக்கு

பழைய ஃபிளாட்டை மறுவிற்பனையில் வாங்குபவர் தமிழ்நாட்டில் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டவேண்டும். பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை உயர்த்தியபோது 2 சதவீதமாக்கினார்கள். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 9 லட்சம் இதற்கே போகும். வாங்குபவர் பேரத்தில் கெட்டியாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

விற்பவருக்கு மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை இந்தியாவில் வசிப்பவர் விற்றால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் கட்டும் பழைய வழியையும் தேர்ந்தெடுக்கலாம். வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு கிடையாது. 

புரோக்கர் கமிஷனை ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். கூடுதலாகக் கட்டிய அறையின் செலவையும் கழிக்கலாம். விற்பதற்கு முந்தைய மாதம் அடித்த பெயிண்ட் வெறும் பராமரிப்பாகவே பார்க்கப்படும். அந்த பில்லை வைத்து வரி மிச்சம் பிடிக்கமுடியும் என்று நம்பவேண்டாம்.

மண்ணுக்கு எதற்குப் பெயிண்ட்?

தனி வீடு வைத்திருப்பவர்களில் பலர் தெரியாமல் பணத்தை வீணடிக்கும் இடம் ஒன்று உண்டு. லஸ் பக்கத்திலோ, பனகல் பூங்காவைச் சுற்றியோ, அடையாறு காந்தி நகரிலோ ஒரு கிரவுண்டில் நிற்கும் பழைய வீட்டை வாங்க வருகிறவர் பெரும்பாலும் பில்டர். அவர் வாங்குவது 2,400 சதுர அடி மண். எதிரே உள்ள சாலையின் அகலத்தையும், மனையின் முகப்பையும், பட்டாவையும் பார்ப்பார். சமையலறைப் பக்கம் திரும்பமாட்டார். அது எப்படியும் இடிபடப் போகிறது. ஜன்னல் தேக்கும் தரைக் கல்லும் என்ன விலைக்குப் போகும் என்று கட்டடம் இடிப்பவரிடம் வேண்டுமானால் கேட்பார். இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது கணக்கில் சேராத செலவு.

மயிலாப்பூரில் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: கோயில் மனையா? கபாலீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான நிலங்களில் தலைமுறைகளாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் உண்டு. கட்டடம் அவர்களுடையது, மண் கோயிலுடையது. 1959-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் செல்லாது. எத்தனை அழகாக ஜோடித்தாலும் அங்கே விற்பதற்கு இருப்பது செங்கல்லும் குத்தகை உரிமையும்தான்.

சிங்காரம் பலிக்கும் இடம் வேறு. பத்து முதல் இருபத்தைந்து வயது ஃபிளாட், வாங்குபவர் தானே குடியேறப் போகிறார், லிஃப்டும் கார் நிறுத்த இடமும் இருக்கின்றன என்றால் சுத்தமும் வெளிச்சமும் நிச்சயம் வேலை செய்யும். ஆனால் அவர் வீட்டை மதிப்பிடத் தொடங்குவது உங்கள் கதவில் அல்ல, கேட்டில். ஒட்டடை தொங்கும் மின்மீட்டர் பலகை, வெற்றிலைச் சாறு தெறித்த மாடிப்படி, மூடி உடைந்த சம்ப் எல்லாமே எல்லோருக்கும் பொதுவானவை. அதனாலேயே யாரும் தொடமாட்டார்கள். ஹாலுக்குச் செலவழிக்கும் பணத்தில் கால் பங்கைப் படிக்கட்டுக்குச் செலவழிக்க ஒருவர் முன்வந்தால் மற்ற வீட்டுக்காரர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்பதும் உண்மை.

அலங்காரம் எங்கே ஏமாற்றாகிறது?

கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், அடையாறு, சாந்தோம் கட்டடங்களில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் ஊடுருவி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, கம்பியைவிட அதிக இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கூரைப் பூச்சு வெடித்துப் பாளம் பாளமாக விழும். எண்பதுகளில் கட்டிய வீடுகளில் இது சர்வசாதாரணம். இதைச் சரிசெய்ய, துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சுக் கொடுத்து, தேவைப்பட்டால் புதுக் கம்பி கட்டி, சிறப்புக் கலவையால் பூசவேண்டும். செலவும் நாளும் பிடிக்கும் வேலை. ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு நாலு விளக்கைப் பதித்துவிட்டால் சில நாளில் முடிந்தது. பார்ப்பவருக்கு அது புதுமை. உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

சுவர் ஓதத்துக்கும் இதே வைத்தியம்தான். உப்புப் பூத்த இடத்தைத் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்தால் ஒரு மழைக்காலம் வரை தாங்கும். அதனால்தான் மாசி, பங்குனியில் காட்டப்படும் வீடுகள் ஐப்பசியில் காட்டப்படுவதைவிட அழகாக இருக்கின்றன.

வெள்ளம் இன்னொரு கதை. தி.நகரே 1920-களில் நீண்ட ஏரியின் படுகையில் உருவான ஊர். 2021 நவம்பர் மழையில் அதன் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை ஊரே பார்த்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததையும் யாரும் மறக்கவில்லை. தரைத்தளத்தைப் பார்க்க வருகிறவர்கள் “2015-ல எவ்ளோ உயரம் வந்துச்சு?” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். “இந்தத் தெருவுக்கு வரவே இல்ல சார்” என்று பதில் வரும். ஹால் சுவரில் நாலடி உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டியிருந்தால் அந்தப் பதிலை இன்னொரு முறை யோசிக்கலாம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு: சொத்திலோ உரிமையிலோ விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் குறை என்றால் பார்க்காதது வாங்குபவரின் தப்பு. இங்கேதான் சிங்காரித்தவர் தன்னையே மாட்டிவைத்துக்கொள்கிறார். ஓதம் காத்த சுவரை அப்படியே விட்டிருந்தால் அது கண்ணுக்குத் தெரிந்த குறை; பேரத்தில் கொஞ்சம் விலை குறைந்திருக்கும். பட்டி பார்த்து மூடியதால் அது கண்டுபிடிக்க முடியாத குறையாகிவிட்டது. சொல்லவேண்டிய பொறுப்பு விற்றவர் தலையில் ஏறிவிட்டது. ‘உள்ளது உள்ளபடி’ என்று கிரயப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பார்கள். வேண்டுமென்றே மறைத்த குறைக்கு அந்த வரி துணை நிற்குமா என்பது நீதிமன்றத்தில் பேசவேண்டிய விஷயம்.

பெயிண்ட் பில், செய்த ரிப்பேர் விவரம், வெள்ளம் வந்த ஆண்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அட்வான்ஸ் வாங்கும்போதே கையெழுத்தோடு கொடுத்துவிடுவது விற்பவருக்குத்தான் பாதுகாப்பு. செய்கிறவர்கள் அபூர்வம்.

■ பெட்டிச் செய்தி: பார்க்கப் போகிறவருக்கு

ஃபால்ஸ் சீலிங் இருந்தால், பதித்த விளக்கு ஒன்றைக் கழற்றச் சொல்லி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். 2019 கோடையில் குடிநீர் வாரியத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்தது, போர்வெல் வற்றியதா என்று கேளுங்கள். ஞாயிறு காலை ஒருமுறை பார்த்தால் போதாது; பள்ளி விடும் நேரத்தில் தெருவையும் பெருமழைக்கு மறுநாள் தரைத்தளத்தையும் பாருங்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரோடு அஞ்சு நிமிடம் பேசுங்கள். புரோக்கருக்குத் தெரியாததும் அவருக்குத் தெரியும்.

அலமாரியில் இருக்கும் வீடு

வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து, போட்டோ எடுத்து, பார்ட்டி பிடித்து, விலையும் படிந்தபின் வழக்கறிஞர் மேசையில் விழுந்துபோகும் விற்பனைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். தாத்தா பெயரில் வாங்கியது, அப்பா பெயருக்கு மாறாதது, மூன்று பிள்ளைகளில் ஒருவர் மெல்போர்னில். சென்னை நகர எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயிலை வைத்து உரிமை கோரவேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் புரொபேட் வாங்கியிருக்கவேண்டும் என்ற விதி நீண்டகாலம் இருந்தது. அந்தக் காலத்தில் கைமாறிய வீட்டுக்கு வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். வங்கி வேல்யூவர் வந்தால் அனுமதி பெற்ற வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, பால்கனியை மூடி அறையாக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பார். சிங்காரத்துக்காகவே அப்படி மூடியவர்கள் உண்டு.

தாய்ப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் வில்லங்கச் சான்றையும் சொத்து வரி ரசீதையும் அசோசியேஷனின் பாக்கி இல்லாக் கடிதத்தையும் ஒரே கோப்பில் வைத்துக் காட்டும் வீடு, சுவரில் கறை இருந்தாலும் சீக்கிரம் போகிறது. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் வரிப் பிடித்தத்தையும் முன்பே தீர்த்துக்கொள்ளவேண்டும். உள்நாட்டவரின் ஐம்பது லட்சத்துக்குக் குறையாத வீட்டுக்கு வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்தால் போதும். வெளிநாடுவாழ் இந்தியரிடம் வாங்கினால் பிடித்தம் பல மடங்கு. பதிவுக்கு முந்தின நாள் இது தெரியவந்து முறிந்த பேரங்கள் உண்டு.

வீட்டுக்குள் இருப்பவர்

இந்த ஏற்பாட்டில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவர், அங்கே இன்னும் குடியிருக்கும் முதியவர். வாரம் நாலு பார்ட்டி வருகிறது. படுக்கையறை அலமாரியைத் திறந்து பார்க்கிறார்கள், கழிப்பறையில் தண்ணீர் இழுத்துப் பார்க்கிறார்கள். அவர் மாத்திரை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார். கண்ணில் படாத இடத்தில் வைத்தது அவர் கண்ணிலும் படவில்லை. சிங்காரத்துக்காகச் சுருட்டிவைத்த ரப்பர் விரிப்பு, குளியலறை வாசலில் வழுக்காமல் இருக்கப் போட்டது. கைப்பிடிக் கம்பியைக் கழற்றச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு, ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’ என்று.

பாதுகாப்பும் கவலைக்குரியது. தனியாக இருக்கும் பெண்மணி, முன்பின் தெரியாதவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட புரோக்கர்கள் கையில் சாவி. வருகிறவரின் பெயரும் போன் நம்பரும் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வரவேண்டும், தெரிந்தவர் ஒருவர் உடன் இருக்கவேண்டும், ஒரே புரோக்கர்தான் என்று கறாராக இருப்பதில் விலை ஒன்றும் குறைந்துவிடாது. கோவையில் முதியோர் குடியிருப்புக்கு அம்மாவை அனுப்பிவிட்டுக் காலி வீட்டைக் காட்டும் குடும்பங்களும் இருக்கின்றன. காலி வீட்டில் விரிசல் பளிச்சென்று தெரியும் என்பதால் புரோக்கர்களுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

இடியப்போகும் வீட்டில் மாடுலர் கிச்சன்

எல்லாவற்றையும்விடப் பெரிய விளைவு இனிமேல்தான் தெரியப்போகிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, கடந்த 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். அதற்குமுன் ஒரே ஒருவர் முரண்டுபிடித்தாலும் வருடக்கணக்கில் இழுக்கும். 2019-ல் வந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தியதால் பில்டருக்கும் இதில் லாபம் தெரிகிறது. எண்பதுகளின் மூன்று மாடிக் குடியிருப்புகள் நிறைந்த இந்தத் தெருக்கள் எல்லாமே அவர் கண்ணில் காலி மனைகள்தான்.

இப்படிப்பட்ட கட்டடத்தில் ஃபிளாட்டின் விலையைத் தீர்மானிப்பது யூ.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கு. இரண்டு கிரவுண்டில் எட்டு வீடு, சம பங்கு என்றால் ஆளுக்கு 600 சதுர அடி. புதிதாய்ப் பூசிய மூன்று பெட்ரூம் ஃபிளாட்டுக்கு 350 சதுர அடி மண்ணும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு 600 சதுர அடி மண்ணும் இருந்தால், பிசுக்கு ஏறியதற்குத்தான் நாளைக்கு மதிப்பு. ஆனால் கண் போவதென்னவோ மாடுலர் கிச்சன் பக்கம். விற்பவர் விற்பனைக்காகவே போட்டது அது. வாங்குபவர் அதற்கும் சேர்த்து விலை கொடுக்கிறார், வார்ட்ரோப், ஏசி, ஃபால்ஸ் சீலிங் என்று தன் பங்குக்கு இன்னும் சில லட்சங்களை இறக்குகிறார். குடியேறி ஒரு வருடம் ஆவதற்குள் அசோசியேஷன் பொதுக்குழு அழைப்பு வருகிறது. முதல் பொருளே இடித்துக் கட்டுவது. பில்டர் புது வீடு தருவார், கட்டி முடியும்வரை வாடகையும் தருவார். கிச்சனுக்கு யாரும் எதுவும் தரமாட்டார்கள். முதலீடாக வாங்கியவருக்கு இது அதிர்ஷ்டம். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டு வங்கித் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு இரண்டு மூன்று வருட அலைச்சல்.

விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பு குறைவு. மாடிப்படியில் இந்தப் பேச்சு தொடங்கி வெகுநாள் ஆகியிருக்கும். எனவே கிச்சனைப் பார்த்து முடித்ததும் கீழே இறங்கி அசோசியேஷன் செயலாளர் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்துவது நல்லது. கடைசி மூன்று பொதுக்குழுவின் மினிட்ஸ் புத்தகத்தைக் கேளுங்கள்; எந்த பில்டர் வந்து அளந்துவிட்டுப் போனார், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். புத்தகம் பீரோவில் இருக்கிறது, சாவி ஊரில் இல்லை என்று பதில் வந்தால் டோக்கன் அட்வான்ஸை அன்றைக்குக் கொடுக்கவேண்டாம்.